கைக்குத் தெரிந்தது

எங்கள் வீட்டில் நாய் வளர்ப்பது என்றால் சோறு வைப்பது. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஓர் அலுமினியத் தட்டு, அதில் மீந்த சோறும் மோரும். தொட்டால் கை கழுவ வேண்டும். குளித்துவிட்டு வந்தவர் கிட்டேயே போகக் கூடாது. அந்த வளர்ப்பில் வந்தவன் நான். மனிதர்களையே அதிகம் தொட்டுப் பழகியவன் அல்ல. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கால் அமுக்கிவிட்டது ஒன்றுதான். அதுவும் இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டே.

செவலை பல்லாவரத்தில் எங்கள் தெருவில் குட்டியாக ஒதுங்கியவள். நிறத்தால் வந்த பெயர். அவளை வீட்டுக்குள் விட்டது என் மனைவி. பன்னிரண்டு வயது நெருங்கும்வரை அவள் தலையைத் தட்டிக்கொடுத்ததைத் தவிர நான் வேறெங்கும் தொட்டதில்லை. தொட வேண்டி வந்தது தீபாவளியால். வெடிச் சத்தம் கேட்டால் குளியலறையில் வாளிக்குப் பின்னால் நுழைந்து எச்சில் ஒழுக நடுங்குவாள். அவளுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று, இங்கிலாந்தில் நாய்களோடு வேலை செய்யும் அக்கா மகளிடம் கேட்டேன். அவள் மருந்து எதையும் சொல்லவில்லை. "மாமா, உங்களை அவ தொடவிடறாளான்னு முதல்ல பாருங்க" என்றாள்.

அவள் கற்றுக்கொடுத்ததற்கு டெல்லிங்டன் டிடச் என்று பெயர். லிண்டா டெல்லிங்டன் ஜோன்ஸ் என்பவர் உருவாக்கியது. 1937இல் கனடாவில் பிறந்த குதிரைப் பயிற்சியாளர் அவர். 1975இல் சான் பிரான்சிஸ்கோவில் மோஷே ஃபெல்டன்கிரைஸின் வகுப்பில் சேர்ந்தார். ஃபெல்டன்கிரைஸ் ஓர் இயற்பியலாளர், ஜூடோக்காரர். தன் முழங்கால் கெட்டுப்போனதும், உடம்பு எப்படி அசைகிறது என்று தன்னையே ஆராய ஆரம்பித்தவர். பழக்கமில்லாத சின்னச் சின்ன அசைவுகளை மெதுவாகச் செய்தால் நரம்பு மண்டலம் புதிதாகக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கட்சி. மனிதருக்கு நடப்பது குதிரைக்கு ஏன் நடக்காது என்று யோசித்தார் லிண்டா. குதிரையில் தொடங்கியது பிறகு நாய், பூனை என்று பரவியது.

செய்முறை எளிது. நாயின் தோலில் ஒரு சின்னக் கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். 6 மணி இருக்கும் இடத்தில் விரல்களை வைத்து, கடிகாரச் சுற்றில் ஒரு முழு வட்டம் போய், மறுபடி 6ஐத் தாண்டி 9 வரை. அவ்வளவுதான். விரல் தோலின் மேல் வழுக்கிப் போகக் கூடாது. விரலோடு தோல் நகர வேண்டும். மூடிய கண்ணிமையின் மேல் உறுத்தாமல் எவ்வளவு அழுத்த முடியுமோ, அநேகமாக அவ்வளவே அழுத்தம். இன்னொரு கை சும்மா நாயின் மேல் இருக்கும். ஒரு வட்டம் முடிந்ததும் சற்று நிறுத்தி, பக்கத்து இடத்துக்குப் போக வேண்டும். சிறுத்தை, ரக்கூன், மலைப்பாம்பு என்று ஒவ்வொரு தொடுகைக்கும் விலங்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். காதை அடியிலிருந்து நுனிவரை நீவுவதும் உண்டு. உயிரணுக்களின் ஆற்றலை எழுப்புவது என்று லிண்டா தருகிற விளக்கம் எனக்கு இன்றைக்கும் ஒட்டவில்லை. செய்முறைதான் ஒட்டியது.

எளிது என்று சொன்னேன். கைக்கு அது எளிதாக இல்லை. வீடியோ அழைப்பில் போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, செவலையின் தோளில் விரல் வைத்தேன். நாக்கை வெளியே நீட்டி மூக்கை நக்கினாள். கொட்டாவி விட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுகமாக இருக்கிறது போல என்று நினைத்தேன். "இல்ல மாமா, போதும்னு சொல்றா" என்றாள் மருமகள். நாய்கள் பதற்றத்தைத் தணிக்கக் காட்டும் இந்தச் சைகைகளைப் பற்றி டூரிட் ருகாஸ் என்ற நார்வேக்காரர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாராம். சில நொடி தொட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். நாய் நம் பக்கம் சாய்ந்தால் தொடரலாம், எழுந்து போனால் விட்டுவிட வேண்டும் என்பது விதி. செவலை எழுந்து போனாள். மறுநாளும் போனாள். பிறகு ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து குரல்: "மாமா, நீங்க மூச்சு விடுங்க." அப்போதுதான் கவனித்தேன், வட்டம் போடும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன். மூச்சை விட்டதும் மணிக்கட்டு தளர்ந்தது. செவலை போகவில்லை. பின்பாகத்தைச் சரித்து என் தொடையோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஆயிற்று. கழுத்து, தோள், முதுகின் இரு புறம், இடுப்பு. சில வாரங்களில் அவள் உடம்பு எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் தோல் தாராளமாக நகரும், எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும், எந்தப் பாத இடுக்கைத் தொட்டால் காலை இழுத்துக்கொள்வாள், எல்லாம். தோள் இரண்டும் கல்லாக இருந்தன. வயதான நாய்க்கு அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் இரண்டு பின்னந்தொடைகளிலும் ஒரே நேரத்தில் கை வைத்தபோது, இடது கைக்கு நிறைய சதை, வலது கைக்குக் குறைவு. கையை மாற்றிப் பார்த்தேன். வலது தொடைதான் மெலிந்திருந்தது. அவள் அதுவரை நொண்டவில்லை. நாங்கள் யாரும் எதையும் கவனித்திருக்கவில்லை.

டாக்டர் டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தார். வலது காலைப் பின்னால் நீட்டியபோது செவலை திரும்பி அவர் கையை முகர்ந்தாள். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம். வலிக்கிற காலில் பாரம் போடாமல் முன்னங்கால்களில் போட்டுப் போட்டுத்தான் தோள் அப்படி இறுகியது என்றார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நாய்களுக்கான வலி மாத்திரை எழுதினார். எடையைக் குறைக்கச் சொன்னார். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்காமல் மிதியடி விரிக்கச் சொன்னார். கடைசியில் நான் தயங்கித் தயங்கி வட்டம் போடும் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "செய்ங்க சார். மருந்துக்குப் பதிலா மட்டும் செய்யாதீங்க. வீங்கியோ சூடாவோ இருந்தா அங்க கை வைக்காதீங்க" என்றார்.

விஷயம் தெருவில் பரவியதும் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கந்தபூரத் தைலம் தேய்க்கச் சொன்னார். அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவு. நாய் நக்காமல் விடுமா? இன்னொருவர் தான் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் பாதி தரச் சொன்னார். பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் நம் இஷ்டத்துக்கு நாய்க்குக் கொடுக்கக் கூடாது. அந்த டைக்ளோஃபெனாக்தான், அது செலுத்தப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று, 2006இல் கால்நடை மருத்துவத்தில் தடை செய்யப்பட்டது.

எடை விஷயத்தில் குற்றவாளி மேரி பிஸ்கட். காலை காபிக்கு எனக்கு இரண்டு என்றால் அவளுக்கு நான்கு. உடல் எடையில் 6 சதவீதம் அளவுக்குக் குறைந்தாலே தேய்மானமுள்ள குண்டு நாய்களின் நொண்டல் குறைவதாக ஆய்வு இருக்கிறது. பிஸ்கட் நின்றது. சோறு பாதியானது. முதல் இரண்டு வாரம் அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன்.

மூன்று மாதத்தில் அவள் படியேறுவதே மாறிவிட்டது. என் விரல்கள்தான் செய்தன என்று நம்ப எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றி மருமகள் சொல்லியிருந்தாள். மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் நாய்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்துவிட்டு, கால் ஊன்றும் விசையைத் தரையில் பதித்த கருவியால் அளந்திருக்கிறார்கள். கருவியில் முன்னேற்றம் தெரியாத நாய்களையும் தேறிவிட்டதாகப் பல உரிமையாளர்கள் சொன்னார்கள். கால்நடை மருத்துவர்களும் அதே மாதிரி ஏமாந்தார்கள். வெற்று மாத்திரை வேலை செய்தது நாயிடம் இல்லை, பார்க்கிறவர் கண்ணில்.

எங்களிடம் அந்தக் கருவி இல்லை, போன் இருந்தது. ஞாயிறு காலையில் அதே வராந்தாவில் அவள் நடப்பதைப் படம் பிடித்தேன். நான் ஊருக்குப் போயிருந்து வட்டம் போடாத வாரங்களில் மகன் பிடித்தான். பிறகு தேதியை மறைத்து, முன்பின்னாகக் கலைத்து மனைவியிடம் காட்டினேன். மாத்திரைக்கும் எடைக் குறைப்புக்கும் முந்தையது எது, பிந்தையது எது என்று அவள் உடனே சொல்லிவிட்டாள். தொட்ட வாரம் எது, தொடாத வாரம் எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. சிறுத்தையும் மலைப்பாம்பும் மூட்டுக்கு ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. அதற்காக நான் நிறுத்தவில்லை. அவள் உடம்பில் என்ன மாறுகிறது என்று எனக்கு வேறு எப்படித் தெரியும்? போன மாதம் விலாவில் ஒரு கொழுப்புக் கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போதே விரலில் தட்டுப்பட்டது.

தீபாவளிக்கு மார்பையும் முதுகையும் சுற்றி கிரேப் பேண்டேஜைத் தளர்வாக எட்டுப் போலக் கட்டினோம். அதுவும் லிண்டாவின் முறைதான். செவலை நடுங்கினாள், ஆனால் வாளிக்குப் பின்னால் போகவில்லை. கட்டால் வந்த தைரியமா, ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை முழு வேகத்தில் வைத்ததாலா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இதற்குள் தெருவில் நான் நாய்க்கு 'மசாஜ்' பண்ணுகிறவன் என்று பெயராகிவிட்டது. அடுத்த தெருக்காரர் தன் லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னங்காலைத் தரையில் நுனி மட்டும் ஊன்றி நின்றது. "ஒரு பத்து நிமிஷம் தடவிவிடுங்க சார், காசு தர்றேன்." அது அனுமதித்த வரையில் முழங்கால் பக்கம் லேசாகப் புறங்கையை வைத்துப் பார்த்தேன், சூடாக, வீங்கியிருந்தது. கையை எடுத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். "அதுக்கு நான் நேரா அங்கேயே போயிருப்பேனே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். முழங்கால் தசைநார் கிழிந்திருந்ததாம், அறுவை சிகிச்சை வரை போயிற்று. லாப்ரடார் இப்போது நன்றாக நடக்கிறது. என்னைக் கண்டால் வாலாட்டுகிறது. அந்த பில்லை என் கணக்கில் எழுதிவிட்ட மாதிரி, அவர்தான் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்.