குடிக்காத அன்றைக்கு

ராஜகுளம் பஸ் நிறுத்தம். காலை ஏழு மணி. வயர் கூடையோடு ஓர் அம்மாள். பக்கத்தில் மகன், முப்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தான் ஒரு துளை மாறியிருக்கிறது. அம்மாள் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போடுகிறாள். அவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

அவன் உதடு அசைகிறது. யாருக்கோ பதில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டடி தள்ளிப் போகிறார்கள்.

அம்மாளின் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம், 2021 முதல். மகன் மாத்திரைக்கு பஸ் ஏற வேண்டும்.

கூடையில் தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம், ஆஸ்பத்திரி நோட்டு. நோட்டின் பின்னட்டையில் ஒரு போன் நம்பர். 'குடி மறக்க' என்ற சுவர் விளம்பரத்தைப் பார்த்து எழுதியது. அதன்மேல் அடித்த ஒரு கோடு. மெண்டல் கேஸ் எடுப்பதில்லையாம்.

ஒதுக்குவது புதிதில்லை. உத்திரமேரூர் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் கல்வெட்டு இருக்கிறது. ஆண்டு 921. குடத்தில் ஓலை விழக்கூடாதவர் பட்டியல் அதில் நீளம். மகாபாதகம் செய்தவன். அவனுடைய சொந்தக்காரர்கள். பாதகங்களில் குடியும் ஒன்று.

அம்மாளின் வீட்டில் ஒரு மகளும் இருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்தார்கள். தெருமுனையில் யாரிடமோ விசாரித்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

ஆஸ்பத்திரி வராந்தா. பெஞ்சில் இடமில்லை. சுவரில் டெலி மானஸ் மனநல உதவி எண், 14416. அம்மாள் கையில் இரண்டு ஓ.பி. சீட்டு. ஒன்று மனசுக்கு. இன்னொன்று குடிக்கு, வரிசையில் யாரோ சொல்லி வாங்கியது. இரண்டையும் நான்காக மடிக்கிறாள். பிரிக்கிறாள். மடிக்கிறாள்.

ஓ.பி. பன்னிரண்டு மணியோடு முடியும். டாஸ்மாக் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். மகன் கடிகாரத்தைப் பார்க்கிறான். அம்மாள் மகனைப் பார்க்கிறாள்.

பெயர் கூப்பிடுகிறார்கள்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"குடிக்காத அன்னைக்குப் போடுறேன் சார்."

"குடிச்ச அன்னைக்கு?"

"குடிச்சா போடக்கூடாதுன்னு மருந்துக்கடையில சொன்னாங்க."

டாக்டரின் பேனா நிற்கிறது. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டுகிறார். ஓலன்சாபின், ராத்திரிக்கு ஒன்று. போன மாதமும் அதே. அதற்கு முந்தின மாதமும் அதே.

"எதுக்குக் குடிக்கிறீங்க?"

"குடிச்சா சத்தம் அடங்குது சார்."

"மறுநாள்?"

"ரெண்டு பங்கா வருது."

சொல்லும்போது அவன் சிரிக்கிறான். டாக்டர் சிரிக்கவில்லை. மின்விசிறியில் நோட்டின் பக்கம் புரள்கிறது. உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு நிறைய எழுதுகிறார்.

"இனிமே என்னைக் கேக்காம எதையும் நிறுத்தக் கூடாது. குடிச்சாலும் மறைக்காம வந்து சொல்லணும். திட்ட மாட்டேன்."

அவன் தலையாட்டுகிறான். தலையாட்டல் யாருக்கு என்பது தெரியவில்லை.

அம்மாள் ஓரடி முன்னால் வருகிறாள்.

"எது சார் முதல்ல சரியாவும்?"

"தனித்தனியா பார்க்க முடியாதும்மா. ரெண்டுக்கும் சேர்த்துதான் வைத்தியம்."

அம்மாள் சீட்டுகளைப் பிரித்து மேசைமேல் பக்கம் பக்கமாக வைக்கிறாள்.

"அப்ப அடுத்த வாட்டி ஒரு வரிசையில நின்னா போதுமா சார்?"