தடியங்காய் நீறு

எடின்பரோவில் மகள் வீட்டுப் பின்புறம் ஒரு நோபிள் ஃபர் மரம் நிற்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் தொட்டியில் வாங்கிவந்து நட்டது, இப்போது என் தோள் உயரம். ஊசி ஊசியான இலைகள், வெள்ளி கலந்த நீலம். போன வருஷம் அங்கே போயிருந்தபோது, முதல் நாள் காலையிலேயே ஒரு கிளையை இரண்டு விரலால் பிடித்து உருவிப் பார்த்தேன். நீலம் போய்விட்டது. விரல் பட்ட இடத்தில் சாதாரணப் பச்சை.

"மாமா, தொடாதீங்க, பூச்சு போயிரும்" என்று மருமகன் அடுக்களை ஜன்னலிலிருந்து சொன்னார். பூச்சி விழுந்தாலும் அதற்கு எண்ணெய் மருந்து அடிக்கமாட்டார். எண்ணெய் பட்டால் மரமே பச்சையாகிவிடும்.

எனக்குக் கேட்டது ஆச்சியின் குரல்.

நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டில், முற்றிய தடியங்காய்களை ஆச்சி காம்போடு அறுத்து, உறியில் வைத்து உத்தரத்தில் கட்டுவாள். வெளியூர்க்காரர்கள் வெண்பூசணி என்பார்கள், நீற்றுப்பூசணி என்பார்கள். இங்கே திருவனந்தபுரத்தில் கும்பளங்கா. பிஞ்சில் அதன் உடம்பெல்லாம் சுணை. முற்ற முற்றச் சுணை உதிர்ந்து வெள்ளையாக நீறு பூக்கும். நீறு பூத்த காய் மாதக்கணக்கில் கெடாது. ஆச்சி காம்பையும் அடியையும் மட்டும்தான் பிடிப்பாள். நடுவில் கை படாது.

ஒரு நாள் அவள் வயலுக்குப் போன நேரம் பார்த்து ஸ்டூலில் ஏறி, ஒரு காயில் என் பெயரின் முதல் எழுத்தை விரலால் எழுதினேன். நீறு விலகிய இடத்தில் எழுத்து கரும்பச்சையாகப் பளிச்சென்று தெரிந்தது. ஆசை அடங்காமல் அதன் மேலேயே நகத்தால் இன்னொரு தடவை அழுத்தி எழுதினேன். சாயங்காலம் ஆச்சி பார்த்தாள். அடிக்கவில்லை. "நீறு போனா காய் போச்சு மக்களே" என்றாள், அவ்வளவுதான். ஆடி மழையில் அந்த எழுத்து இருந்த இடம் இளகி, நீர் விட்டு, தரையில் சொட்டிற்று. மற்ற காய்கள் ஓணத்துக்கு ஓலன் வைக்கிறவரை உறியில் இருந்தன.

ஆச்சியின் நீறும் எடின்பரோ நீலமும் ஒன்றுதான்: மெழுகு. ஃபர் ஊசியின் மேல் அது கண்ணுக்குத் தெரியாத குழல்களாக முளைத்து நிற்கிறது. விழும் ஒளியை அது சிதறடிக்கும்போது நீலம்தான் கூடுதலாகத் திரும்பி வருகிறது. அடியில் பச்சை, மேலே இந்த மங்கல். இரண்டும் சேர்ந்து பார்க்கிறவர் கண்ணில் நீலமாகின்றன. 1830இல் இந்த மரத்தின் விதைகளை அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து பிரிட்டனுக்கு அனுப்பியவர் டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அதன் சொந்த மலைகளில் குளிர்காலத்தில் மண் உறைந்துவிட்டால் வேருக்குத் தண்ணீர் கிடைக்காது; வெயிலும் காற்றும் மட்டும் ஊசியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்போது ஈரத்தைக் காப்பது மெழுகு. உத்தரத்தில் தொங்கும் காய்க்குள் நீர் வற்றாமல் காத்ததும் அதுதான்.

1818இல் சாவி என்ற இத்தாலியத் தாவரவியலாளர் தடியங்காய்க்கு வைத்த பெயரில் 'செரிபெரா' என்று ஒரு சொல் உண்டு. மெழுகு தாங்கியது என்று பொருள். பின்னால் அந்தப் பெயர் வழக்கொழிந்து, 'ஹிஸ்பிடா', அதாவது சுணையுள்ளது, என்பது நிலைத்தது. எனக்கு அதில் வருத்தம். சுணை பிஞ்சோடு போகிறது. காயைக் காப்பது நீறு, அதைப் பெயரிலேயே வைத்திருப்பது தமிழ்.

மலையாளத்தில் இந்த நீறு பழமொழிக்குள்ளேயே ஏறிவிட்டது. கும்பளங்கா திருடியவன் என்று பொதுவாகச் சொன்னாலே, திருடியவன் தன் தோளைத் தடவிப் பார்ப்பானாம். இங்கே சாலைக் கம்போளம் என்ற சந்தையில் லாரியிலிருந்து காய் இறக்கிவிட்டு வரும் சுமட்டுக்காரரின் நீலச் சட்டையைப் பாருங்கள்: தோளில் காயின் வளைவோடு வெள்ளையாக ஒரு தடம் இருக்கும். அதைப் பார்த்தவர் யாரோதான் அந்தப் பழமொழியைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஃபர் மரத்தை இங்கே வளர்க்க வழியில்லை. மொட்டு விரிய அதற்கு மாதக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். நம் மார்கழி அதற்குக் கோடை. இங்கே கிறிஸ்துமஸ் மரம் என்று நர்சரிகளில் விற்பது அரௌகாரியா. நல்ல மரம், ஆனால் பச்சை.

போன வாரம் மகள் கூப்பிட்டாள். "குருத்து விட்டிருக்கு அப்பா, நல்ல நீலம்." நான் உருவிய கிளையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஃபர் ஊசிகள் வருஷா வருஷம் உதிர்வதில்லை, பல வருஷம் கிளையிலேயே நிற்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதுக் குருத்துகளுக்குப் பின்னால், இரண்டு விரல் அகலத்துக்கு, பச்சை அப்படியே இருக்கிறது.