உடை கழற்றும் அறை

கொரோனா வார்டுக்குள்தான் செவிலியர்களான எங்களுக்குப் பதற்றம் என்று வெளியே இருந்தவர்கள் நினைத்தார்கள். வார்டுக்குள் கைக்கு வேலை இருக்கும். ஒருவருக்கு டிரிப் முடிந்திருக்கும், இன்னொருவர் குப்புறப் படுக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார், மூச்சு இரைக்கிற பாட்டி "ஏ தாயி, எம் பேரன் போன் போட்டானா?" என்பாள். பயப்பட நேரம் ஏது?

கவச உடையைக் கழற்றும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கோவில்பட்டி மே மாத வெயில், கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற காலம். கவச உடையோடு தண்ணீர் குடிக்க முடியாது, ஒதுங்க முடியாது. அதனால் முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. கையுறையை உருவினால் விரல்கள் ஊறி வெளுத்திருக்கும். அந்த நேரம் பார்த்து மூக்கு அரிக்கும்.

அந்தப் பதற்றத்துக்கு எங்களிடம் இருந்த மருந்து ஒரு குரல். எதிரே எட்டி நின்று ஒருத்தி வரிசையாகச் சொல்வாள். "வெளி கிளவுஸ். கைக்கு சானிடைசர். ஜிப். உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி சுருட்டுங்கக்கா, உதறாதீங்க. மறுபடி சானிடைசர். கண்ணாடியப் பின்னால பிடிச்சு எடுங்க. மாஸ்க் கடைசி." மனப்பாடமாகத் தெரிந்தவளுக்கும் சொல்லத்தான் வேண்டும். களைத்த மூளை, செய்யாததைச் செய்ததாக நம்பும். வீட்டுக்குப் போனபின் 'கையைத் துடைத்தேனா?' என்று குடையும். ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அந்தக் கேள்வி எழாது. சொல்கிற குரலில் அவசரம் கூடாது, அதட்டலும் கூடாது. நேற்றுச் சேர்ந்த பெண் "நில்லுங்க டாக்டர்" என்றால் டாக்டரும் நிற்க வேண்டும். நின்றார்கள்.

அடுத்த மருந்து ஆக்சிஜன் கணக்கு. 2021 மே. கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் புதுச்சேரியில் காலமாகி, உடல் சொந்த ஊரான இடைசெவலுக்கு வந்த வாரம். அதே வாரம் 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் பதினோரு மணி நேரம் தாண்டும். 15 என்றால் எட்டு மணி நேரம்கூட வராது. மாற்ற வேண்டிய நேரத்தைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டால், மீட்டர் முள்ளைப் போய்ப் போய்ப் பார்ப்பது பாதி குறையும். மூடிக்கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் எடுக்க உச்ச நீதிமன்றம் அப்போது அனுமதி தந்திருந்தது. அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018இல் போலீஸ் சுட்டு 13 உயிர் போன விவகாரம். வார்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வந்த சிலிண்டரை எண்ணினோம்.

இந்தக் கைப்பழக்கம் எதுவும் செல்லாத இடம், டூட்டி முடிந்து தனிமையில் கிடந்த அறை. பரிசோதனைக்குச் சளி மாதிரி கொடுத்தாகிவிட்டது, முடிவு வரவில்லை. தொண்டையில் கரகரப்பு, கருமாந்திரம், அது நிஜமா நினைப்பா என்று தெரியாது. 2020 ஏப்ரலில் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்த செய்தியை அப்படிப் படுத்துக்கொண்டுதான் படித்தோம். கிருமி பயம் ஒன்று. நம் சனமே நம்மை ஊருக்குள் விடுமா என்பது வேறு. பக்கத்து வீட்டு மதினி பால் பாக்கெட்டைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போனதாக வீட்டிலிருந்து போன் வரும்.

2020 தொடக்கத்தில் சீனாவின் 34 மருத்துவமனைகளில் மருத்துவப் பணியாளர்கள் 1,257 பேரிடம் கேட்டதில், 44.6 சதவீதம் பேருக்குப் பதற்ற அறிகுறி இருந்தது. நோயாளியை நேரடியாகக் கவனித்தவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அது கடுமை. பதற்றத்தை அளக்கப் பயன்பட்ட, ஏழு கேள்விகள் கொண்ட தாள் கடந்த இரண்டு வாரத்தை மொத்தமாகக் கேட்கும். வார்டில் கழிந்த நாளுக்கு ஒரு பதில், அறையில் கிடந்த நாளுக்கு வேறு பதில் என்றுதான் நான் எழுதியிருப்பேன்.

ஒப்பந்தத்தில் வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. "எல்லாம் முடிஞ்சா எங்கள வீட்டுக்கு அனுப்பிருவாங்களாக்கா?" என்று கவச உடை மாட்டிக்கொண்டே கேட்பார்கள். நோய் தணிந்தது. 2022 டிசம்பர் 31க்குப் பின் கொரோனா கால ஒப்பந்தச் செவிலியர்களுக்குப் பணி நீட்டிப்பு இல்லை என்று அரசு அறிவித்தது.