90 விநாடியில் இருண்ட கியூபெக்

2024 மே 10 இரவு உங்களில் பலர் வீட்டு வாசலில் நின்று போனை வானத்துக்குப் பிடித்திருப்பீர்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று பச்சையும் சிவப்புமாகத் துருவ ஒளிப் படங்கள்தான். அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த நிறங்களுக்குப் பின்னால் நடப்பதுதான் பிடிக்கும்.

பச்சையும் சிவப்பும் பெரும்பாலும் ஒரே ஒட்சிசன் அணுவிலிருந்து வருகின்றன. மேலிருந்து பாயும் இலத்திரன்கள் அணுவை இடித்துச் சக்தியைக் கொடுக்கின்றன. அதைப் பச்சை ஒளியாகத் திருப்பிவிட அணுவுக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். சிவப்பாக விட ஏறத்தாழ 2 நிமிடம் வேண்டும். 100 கிலோமீட்டர் உயரத்தில் யார் அதை 2 நிமிடம் சும்மா விடுவார்கள்? அதற்குள் இன்னொரு துகள் வந்து மோதிச் சக்தியைப் பறித்துவிடும். 200 கிலோமீட்டருக்கு மேலே அவ்வளவு நெரிசல் இல்லை. அதனால்தான் சிவப்பு மேலே, பச்சை கீழே.

இந்தச் சக்தியின் மூலம் சூரியன். அதன் மேற்பரப்பு சுமார் 5,500 பாகை செல்சியஸ். அதற்கு மேலே இருக்கும் கொரோனாவோ (நோய் வருவதற்கு முன்பே இந்தப் பெயர் சூரியனுடையது) 10 லட்சம் பாகையைத் தாண்டும். அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு கூடுவதைப் போன்ற விசித்திரம் இது. காந்தப்புலம்தான் காரணம் என்கிறார்கள். எப்படி என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. இவ்வளவு சூடான வாயுவைச் சூரியனின் ஈர்ப்பால்கூடப் பிடித்து வைக்க முடியாது. விநாடிக்கு 400 கிலோமீட்டர் அளவில் அது எப்போதும் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. சில வேளை ஒரு பெரிய திரளாகவே பிய்ந்து வரும்.

1989 மார்ச் 10 அன்று அப்படி ஒரு திரள் புறப்பட்டு, 13ஆம் திகதி பூமியை அடைந்தது. வானில் 100 கிலோமீட்டர் உயரத்தில் பெரும் மின்னோட்டங்கள் ஓடின. கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை ஆட்டினால் மின்சாரம் வருமே, அதேபோல அவை நிலத்திலும் மின்னோட்டத்தைத் தூண்டின. கியூபெக்கின் நிலம் மிகப் பழைய பாறை. மின்சாரத்தை இலகுவில் கடத்தாது. ஆகவே அந்த மின்னோட்டம் வடக்கே ஜேம்ஸ் குடாப் பக்கமிருந்து வரும் நீண்ட மின்கம்பிகளுக்குள் ஏறியது. மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருந்த 7 கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அதிகாலை 2.44 மணி. சுமார் 90 விநாடியில் மாகாணமே இருண்டது. 60 லட்சம் பேருக்கு, பெரும்பாலான இடங்களில் 9 மணித்தியாலம் மின்சாரம் இல்லை.

அந்த 60 லட்சத்தில் அப்பா, அம்மா, 9 மாதக் குழந்தையான நான் மூவரும் அடக்கம். மொன்றியலில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட். சூடாக்கியும் மின்சாரத்தில்தான். அம்மா என்னைத் தன் குளிர்ச்சட்டைக்குள் வைத்துப் போர்த்திக்கொண்டாராம். அப்பா யன்னலால் பார்த்திருக்கிறார். தெருவிலும் வெளிச்சம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டரை வருடம்தான். ஊரில் இப்படி எல்லாம் ஒரேயடியாக இருண்டால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அகதி விண்ணப்பக் கடிதங்கள், என் பிறப்புச் சான்றிதழ், பால்மா ரின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, விடியும்வரை கதவடியில் கதிரையில் இருந்தாராம்.

பிறகு மாஸ்டர்ஸ் படிக்கும்போது மின்வலையமைப்புப் பாடத்தில் இந்தத் திகதியைக் கண்டவுடன் அவருக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, அண்டைக்குக் கரண்ட் போனது சூரியனால."

"சூரியனோ? சாமத்திலையோ?"

நல்ல கேள்வி. பூமியின் காந்தப்புலம் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வால் மாதிரி நீண்டிருக்கும். சூரியக் காற்றின் சக்தி அந்த வாலில் சேர்ந்து, பிறகு இரவுப் பக்கத்தில்தான் பலமாகக் கொட்டும். சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

"இப்ப எண்டா முன்னமே தெரியுமோ?"

சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி விண்கலங்கள் காவல் நிற்கின்றன என்றேன். புயல் அவற்றைத் தாண்டினால், அது இங்கே வர ஏறத்தாழ அரை மணித்தியாலம் இருக்கும்.

"அரை மணித்தியாலமோ," என்றார் அப்பா. "அது காணும்."