திருநீறு வாங்காத கை

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். திருநீறு நீட்டினார்கள், நான் வாங்கவில்லை. அம்மா எனக்கும் சேர்த்து வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

கடவுள் இல்லை என்பதில் எனக்கு இருபது வருடமாகத் தெளிவு. யார் மீதும் கோபித்துக்கொண்டு வந்த முடிவல்ல அது. இருக்கிறதா இல்லையா, தெரியாது என்று சொல்லும் நண்பர்களையும் மதிக்கிறேன்; அந்தத் 'தெரியாது'வைச் சொல்லவும் துணிச்சல் வேண்டும்.

ஆனால் மகளின் பள்ளிப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டபோது, நிரப்பி வாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா, பல வருடம் அலைந்து 2019இல் 'சாதி, மதம் அற்றவர்' சான்றிதழ் வாங்கிய செய்தியை அன்றிரவு மறுபடி தேடிப் படித்தேன். அழுகை வந்தது. பெரியார் மண்ணிலேயே இதற்கு இவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது.

அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து திரும்பும்போது ஐயாற்றங்கரையில் அம்மா பொரிப் பொட்டலத்தைப் பிரித்தாள். "மீனுக்குப் போடறதுக்குமா கொள்கை? இந்தா கண்ணு" என்று பாதியை என் கையில் கொட்டினாள். பொரி தீரும்வரை இருவரும் போட்டுக்கொண்டிருந்தோம்.