எண்ணூறுக்கு எத்தனை ஆயிரம்?

செகண்ட்ஹாண்ட் கார் விற்கிறவர் முதலில் காட்டுவது என்ஜினை அல்ல, ஆடியோ செட்டை! அடுத்து, கால் வைக்கிற இடத்தில் புத்தம் புது மேட். வண்டி பழசு, மேட் மட்டும் ஏன் சாமி புதுசு? தூக்கிப் பார்த்தேன். தரை தெரிந்தது. காரின் தரை இல்லை சார், ரோட்டின் தரை! அதைக் காட்டியே ஏழாயிரம் குறைத்து, 45 ஆயிரத்துக்கு முடித்தேன்.

2021-ல் நான் வாங்கிய அந்த வண்டி 2003 மாடல் மாருதி 800.

ஜேடர்பாளையத்தில் இருந்துகொண்டு கார் எதற்கு என்று பங்காளிகளே கேட்டார்கள். அப்பாவுக்கு ஈரோட்டில் வாரம் இரண்டு டயாலிஸிஸ். சிகிச்சை காப்பீட்டில் போய்விடுகிறது. போக வரத்தான் செலவு. போகும்போது பஸ் சரி. நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து எழுந்து வருகிற மனுஷனைத் திரும்பும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்ல முடியுமா? வாடகைக் கார் ஒரு நடைக்கு 1,200 என்றார்கள். மாசம் எட்டு நடை. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாடலின் முதல் வண்டிச் சாவியை 1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அந்த வண்டியைப் பின்னாளில் பளபளவென்று புதுப்பித்துக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். 2014 ஜனவரியில் இந்த மாடலின் உற்பத்தி நின்றபோது, இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. எனக்கு வேண்டியது அந்த 25 லட்சம்தான். ஊர் ஊருக்கு வண்டி இருந்தால் ஊர் ஊருக்கு ஸ்பேர்ஸ் இருக்கும். மூணு சிலிண்டர், 796 சி.சி. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவனும் பிரித்து மாட்டுவான். ஞாயிற்றுக்கிழமை எங்க ஊர்ப் படுகை அணைக்கு மீன் சாப்பிட வருகிறவர்களின் புதுக் கார் நின்றுபோனால், கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற ஆள் டவுனிலிருந்து வருகிறவரை அவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதற்காக என் வண்டி நிற்காது என்று அர்த்தமில்லை.

வாங்கி மூணாம் மாசம், ஈரோட்டிலிருந்து திரும்புகிற வழியில், சோழசிராமணி தாண்டி, பானெட்டுக்குள்ளிருந்து பொங்கல் பானை மாதிரி ஆவி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் மூஞ்சியில் அடிக்கும். காய்ந்த என்ஜினில் பச்சைத் தண்ணியை ஊற்றினால் ஹெட் விரிசல் விட்டாலும் விடும். ஆகவே புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம். அப்பா பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கடைசியில் நான் குடத்தை எடுத்தபோது சொன்னார்:

"எனக்குத்தான் தண்ணி அளந்து குடுக்கறீங்க. அவனுக்காச்சும் வயிறு முட்ட ஊத்துடா."

சிரிக்கிறதா, அழுகிறதா என்று தெரியாமல் ஊற்றினேன்.

மறுநாள் வேலூர் மெக்கானிக். (ஜெயில் இருக்கிற வேலூர் இல்லை, எங்க பரமத்தி வேலூர்!) பானெட்டைத் தூக்கிய உடனே தலையில் கை வைத்தார்.

"ஏனுங்கண்ணா, ஃபேனை டைரக்டா குடுத்து வெச்சிருக்காங்களே... பாக்கலீங்களா?"

தண்ணீர் சூடானால் ஃபேனை ஓட விடுவதற்கு ஒரு சின்ன சுவிட்ச் உண்டாம். அது போனபோது, பழைய ஓனர் புதுசு மாட்டாமல் ஒயரை நேராக இழுத்துவிட்டிருக்கிறார். சாவி போட்டால் ஃபேன், சாவி எடுக்கிற வரை ஃபேன். ஓய்வில்லாமல் சுற்றிய மோட்டார் ஒருநாள் மூச்சை நிறுத்திவிட்டது. தெர்மோஸ்டாட் வால்வையும் காணோம். அதையும் என்றைக்கோ கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். நுனியில் பால் கலந்த காபி நிறம்.

"ஆயில்ல தண்ணி எறங்கிருச்சுங்க. ஹெட் கேஸ்கட் போச்சு."

சுவிட்ச் 350, வால்வு 300, ஃபேன் மோட்டார் 1,400. கேஸ்கட், லேத்தில் ஹெட்டைச் சமன் பண்ணின கூலி, ஆயில், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்ந்து 6,800. ஆக 8,850. யாரோ ஒரு புண்ணியவான் 350 ரூபாயை மிச்சம் பிடித்ததற்கு நான் கட்டிய வட்டி! இருந்தாலும் ஒரு மாச வாடகைக் காரைவிடக் குறைச்சல்தான் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அம்மிணி ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம்தான் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

ஆக்சில் கதையும் அதே ஜாதி. வண்டி திரும்பும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வந்து மண் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். கிழிந்த உடனே மாற்றினால் பூட்டோடு போகும். சத்தம் வந்த பிறகு என்றால் ஆக்சிலே மாற்ற வேண்டும். என் வண்டி வரும்போதே 'டிக் டிக்'தான். அது ஒரு மூவாயிரம்.

தரை ஓட்டையை நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற ஒருவர் அடைத்துக் கொடுத்தார். வண்டியைச் சுற்றி வந்து, "இது ஒரு நாள் வேலைகூட இல்லீங்க, தீப்பெட்டி மாதிரி இருக்குது" என்றார். அடித்த தகடு லாரித் தகடு. வண்டியில் இன்றைக்கு உறுதியான பாகம் அது ஒன்றுதான்.

2023-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டி வந்தது. முன்பெல்லாம் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000. பசுமை வரி தனி. 2025-ல் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அடுத்த தவணை 2028.

"அப்போ வித்துப் போடலாமாப்பா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எஃப்.சி. எனக்கு வாரம் ரெண்டு. மொதல்ல யாரை விக்கறதுன்னு யோசிச்சுச் சொல்லு" என்றார்.

போன வாரத்திலிருந்து சைலன்ஸரில் ஓட்டை. தெருமுனை திரும்பும்போதே அம்மாவுக்குச் சத்தம் கேட்டுவிடுகிறதாம், அப்பாவுக்குக் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கச் சரியாக இருக்கிறதாம். வெல்டிங் வைக்க 400 கேட்கிறார்கள். வியாழக்கிழமை நடை முடியட்டும், பார்க்கலாம்.