ஜிம்மர்னு ஒரு தனிமைக் கடவுள்

கிரிக்கெட் பதிவுக்குத்தான் கூட்டம் வரும்னு தெரியும். இருந்தாலும் இந்தப் பாஸ்கெட்பால் ஆளைப் பத்தி எழுதியே ஆகணும். ஒரு காலத்துல நானும் இவரை "ஊத்திக்கிட்ட கேஸு"ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன். அதுக்கான பிராயச்சித்தம்னு வெச்சுக்கோங்க.

பேரு ஜிம்மர் ஃப்ரெடெட். நியூயார்க் மாநிலத்துல க்ளென்ஸ் ஃபால்ஸ்னு ஒரு சின்ன ஊர்க்காரர். 2007-ல, ஸ்கூல் முடிக்கிற வருஷம், அவரோட அண்ணன் ஒரு தாள்ல ஒப்பந்தம் மாதிரி எழுதி நீட்டினார். என்பிஏ-வுல ஆட என்ன உழைப்பு வேணுமோ அதைப் போடுவேன்ங்கிறதுதான் சாரம். தம்பி கையெழுத்துப் போட்டார். சும்மா இல்ல, ஜெயிலுக்குப் போய்க் கைதிகளோட எல்லாம் ஆடிப் பழகியிருக்கார்!

யூட்டாவுல ப்ரிகம் யங் பல்கலைக்கழகத்துல சேர்ந்தார். 2010-11 சீசன்ல ஆட்டத்துக்குச் சராசரி 28.9 பாயிண்ட், கல்லூரி அளவுல நாட்டிலேயே முதலிடம். பாதி கோர்ட்டைத் தாண்டினதுமே ஷூட் பண்ணுவார், விழும். இவர்கிட்ட அடி வாங்கின அணியை "ஜிம்மர் ஆயிட்டாங்க"ன்னு சொல்ற அளவுக்குப் பேரே வினைச்சொல் ஆயிடுச்சு. அந்த வருஷம் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதுகளும் இவருக்குத்தான்.

2011 டிராஃப்ட்ல 10-வது ஆளா மில்வாக்கி எடுத்து, சாக்ரமெண்டோவுக்குக் கைமாத்தி விட்டாங்க. முதல் சீசன் சராசரி 7.6. காரணம் பெரிய ரகசியமில்ல. கல்லூரியில பந்து எப்பவும் இவர் கையில. என்பிஏ-வுல அந்த உரிமை கிடைக்கல. எதிர்ல நிக்கிறவன் உயரமும் வேகமும் வேற, அவனைத் தடுக்கவும் இவரால முடியல. தடுக்கத் தெரியாதவனுக்கு பெஞ்சுதானே? 2014-ல விடுவிச்சாங்க. அப்புறம் சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க்.. எங்கயும் நிலைக்கல.

2016-ல சீனாவுக்குப் போனார். ஷாங்காய் ஷார்க்ஸ், அப்ப யாவ் மிங்குக்குச் சொந்தமான அணி. அங்க வெளிநாட்டு ஆட்டக்காரங்க எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால வந்தவர் கையில பந்தைக் குடுத்துட்டு வழிவிட்டாங்க. முதல் சீசன்லயே சராசரி 37.6! சிறந்த வெளிநாட்டு ஆட்டக்காரர் விருதும் கிடைச்சுது. ரசிகர்கள் வெச்ச பட்டப்பேரு "ஜிமோ தாஷென்". ஜிமோன்னா தனிமை, தாஷென்னா பெரிய கடவுள். அவர் பேரோட ஒலியும் அதுலயே ஒட்டிக்கிச்சு பாருங்க.

பேரு பொருத்தமாத்தான் இருக்கு. 2017-ல ஒரு ஆட்டத்துல 73 பாயிண்ட் அடிச்சார். ரெண்டு ஓவர்டைம் போயி அணி 135-132-ல தோத்துது. 2018-ல 75 அடிச்சார். அப்பவும் தோல்வி, 137-136. ஒரே ஒரு பாயிண்ட்! ஒரு ஆளு இதுக்கு மேல என்னதான் பண்றது?

2019-ல மறுபடி என்பிஏ, ஃபீனிக்ஸ்ல வெறும் 6 ஆட்டம். அப்புறம் கிரீஸ்ல பனாத்தினாய்கோஸ், 2020-ல லீக் சாம்பியன். கடைசியா 3-க்கு-3 ஆட்டம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல இரண்டாவது மேட்ச்லயே தொடையில காயம், மீதியை உட்கார்ந்து பார்த்தார். 2025-ல ஓய்வு அறிவிச்சுட்டார்.

இப்ப யோசிச்சா வெட்கமா இருக்கு. அண்ணன்கிட்ட போட்ட ஒப்பந்தத்துல இருந்தது என்பிஏ-வுல ஆடணும்ங்கிறதுதான். அதை அவர் செஞ்சு முடிச்சுட்டார். அங்க பெரிய ஸ்டார் ஆகணும்னு ஒரு வரியைச் சேர்த்து எழுதினது யாரு? 2011-ல கைதட்டின என்னை மாதிரி ஆளுங்கதான். அந்த வரியில கையெழுத்துப் போடாத மனுஷனைப் போய், தோத்துட்டான்னு பேசிட்டு இருந்திருக்கோம்.

டிஸ்கி: அந்த 75 பாயிண்ட் ஆட்டத்தோட வீடியோ கிடைச்சா பாருங்க. ஸ்கோர்போர்டைக் கடைசியில பார்த்தாப் போதும்.